மாலை போட்ட படத்துக்குத் திருஷ்டி

சேரன்மாதேவிப் படித்துறையில் ஒரு பெண்ணின் செருப்பும் கைப்பையும் கிடந்த நாளிலிருந்து ஊருக்கு நல்ல பொழுதுபோக்கு. செருப்புக்காரி சாதாரணப் பெண்ணாக இருந்திருந்தால் டீக்கடையில் ஒரு நாள் பேசிவிட்டு மறந்திருப்பார்கள். இவள் சித்ரலேகா. ‘மங்களத்தின் மௌனம்’ தொடரில் மங்களமாக நடித்து, சாயங்காலம் ஆனால் தமிழ்நாட்டையே மூக்கைச் சிந்த வைத்தவள். ஆற்றில் வெள்ளம், உடல் கிடைக்கவில்லை, நாங்கள் என்ன செய்ய என்று போலீஸ் கையை விரித்துவிட்டது. தொடரை எடுத்தவர்கள் கையை விரிக்கவில்லை. அவள் போன சூட்டோடு சூடாகக் கதையிலும் மங்களத்தைச் சாகடித்தார்கள். கூடத்துச் சுவரில் அவள் படம், படத்துக்கு மாலை, கீழே குத்துவிளக்கு. விளக்குக்கு முன்னால் மாமியார் வேஷக்காரி உருண்டு புரண்டு அழுத அழுகையில் திருநெல்வேலி ஜில்லாவில் அன்றைக்குப் பாதி வீட்டில் குழம்பு அடிப்பிடித்தது.

அந்தப் படத்துக்கு முன்னால்தான் விஜயஸ்ரீ இப்போது நின்றுகொண்டிருந்தாள். வண்ணார்பேட்டையில் ஒரு மாடியறையில் துப்பறியும் நிறுவனம் நடத்துகிறவள். உடனே தொப்பி, துப்பாக்கி என்று கற்பனை பண்ணிவிட வேண்டாம். மாப்பிள்ளை குடிப்பானா, பெண்ணுக்கு முன்னால் ஒரு நிச்சயதார்த்தம் முறிந்ததா என்று விசாரித்துச் சொல்வதுதான் அவளுக்குச் சோறு போடும் சோலி. நாற்பது வயதுக்குள் ஊரின் அழுக்கையெல்லாம் முகர்ந்து பார்த்துவிட்ட மூக்கு அவளுடையது. அந்த மூக்கே இன்று சுருங்கிவிட்டது.

காரணம் பக்கத்திலேயே நின்றது. அம்பாசமுத்திரத்திலிருந்து வேன் பிடித்து வந்த பெண்கள் கூட்டம், சேரன்மாதேவிப் படப்பிடிப்பு வீட்டைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தது. மங்களம் மாவாட்டிய உரலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினார்கள். ஒருத்தி படத்துக்குக் கற்பூரம் காட்டினாள். இன்னொருத்தி மாலையில் ஒரு பூவைப் பிய்த்துத் தலையில் செருகிக்கொண்டாள்.

“சுமங்கலியாப் போயிருக்காள்லா. பூவு வீட்டுக்கு நல்லது” என்று பக்கத்தில் இருந்தவளுக்கும் ஒன்று கொடுத்தாள்.

மங்களத்துக்குத்தான் புருஷன் உண்டு. ஆற்றோடு போன சித்ரலேகாவுக்குக் கல்யாணமே ஆகவில்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

“சீ” என்றாள் விஜயஸ்ரீ.

“மொத்தமா எல்லாரையும் சொல்லுதியளா அக்கா, இல்ல தனித்தனியாவா?” என்று கேட்டான் கிருபைராஜ்.

கிருபைராஜ் அவளுடைய உதவியாள். மிமிக்ரி செய்தான், நாடகம் போட்டான், சினிமாவில் தலையைக் காட்டப் போய்த் திரும்பினான், கேபிள் டிவிக்காரனுக்காக மாடி மாடியாக ஏறிக் கம்பி இழுத்தான். எதுவும் ஒட்டவில்லை, வாய் மட்டும் மிச்சம். முப்பது தாண்டிய ஆள் என்று மீசை சொல்லும், வாய் சொல்லாது.

“வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருலே.”

வேலை கொடுத்தவள் சித்ரலேகாவின் தாய் பாலம்மாள். ஏரலில் ஒரு காலத்தில் வயலும் வீடுமாக இருந்த குடும்பம். நேற்று மாடியேறி வந்து விஜயஸ்ரீயின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு அழுதாள். “எம் புள்ள இருக்காளா, செத்தாளா? ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்கம்மா. எதுனாலும் தாங்கிக்கிடுதேன்.” அழுகையைக் கண்டு இளகுகிற ஆள் இல்லை விஜயஸ்ரீ. நேற்று என்னவோ இளகிவிட்டாள்.

சாப்பாட்டு நேரம் வந்தது. வேன் கூட்டம் கிளம்ப, படப்பிடிப்பு ஆட்களும் பின்கட்டுக்குப் போனார்கள். கூடம் காலி. விஜயஸ்ரீ படத்தின் கீழ்ப்பக்கத்தைப் பிடித்துச் சுவரிலிருந்து பைய விலக்கினாள்.

படத்துக்குப் பின்னால் கறுப்புக் கயிற்றில் ஒரு எலுமிச்சம்பழம் தொங்கியது. மேலே குங்குமப் பொட்டு. கொஞ்சமும் வாடாத பழம். காலையில்தான் கட்டியிருக்க வேண்டும்.

“இது என்னலே?”

கிருபைராஜ் எட்டிப் பார்த்தான். “இதுவா? சினிமாக்காரங்க சங்கதி அக்கா. நான் ஒரு படத்துல பொணமா நடிச்சேன்லா...”

“உனக்கு ஏத்த வேஷம்.”

“அந்தப் படத்துல உயிரோட இருந்தது என் நடிப்பு மட்டுந்தான்னு சொன்னாவ. அதை விடுங்க. ஷாட்டு முடிஞ்சதும் டைரக்டரு என்னை எந்திரிச்சு உக்காரச் சொல்லி, கேமராவைப் பாத்துச் சிரிலேன்னாரு. சிரிச்சாத்தான் ஆயுசு கெட்டியாம். அதே மாதிரிதான் இதுவும். உயிரோட இருக்கிற ஆளு படத்துக்கு மாலை போட்டு எடுத்தா, பின்னால எலுமிச்சம்பழம் கட்டுவாவ. மாலையோட தோஷம் பழத்துக்குப் போயிரும், ஆளைத் தொடாதுன்னு நம்பிக்கை. படம் சுவத்துல தொங்குற வரைக்கும் பழத்தை வாட விடக்கூடாது. வாடுறதுக்கு முன்னால மாத்திரணும்.”

“உயிரோட இருக்கிற ஆளுக்கு.”

“ஆமா, உயிரோட இருக்கிற...” என்றவன் வாயைத் திறந்தபடியே நின்றான். அவன் வாய் சும்மா திறந்திருப்பது அபூர்வம்.

“செத்தவளுக்கு எதுக்குலே பழம்?” என்றாள் விஜயஸ்ரீ. “அவ சாகலை. அது இங்கன ஒரு ஆளுக்குத் தெரியும். தெரிஞ்ச ஆளு தினமும் பழம் மாத்துது.”

*

தெரிந்த ஆள் யார்? லாபம் யாருக்கோ அவன்தான் என்றது விஜயஸ்ரீயின் அனுபவம். லாபக்காரன் பின்கட்டு வேப்பமர நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தொடரின் தயாரிப்பாளரும் டைரக்டருமான நடராஜ். நடிகையை ஒளித்துவைத்துவிட்டு ஊரை அழவைக்கிற ஆளாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டுதான் விஜயஸ்ரீ அவன் எதிரே போய் உட்கார்ந்தாள்.

“உங்களுக்குப் பெரிய நஷ்டம்தான் சார்.”

“நஷ்டம்தான் மேடம். ஆனா ஒண்ணு சொல்லணும், அந்த மாலை போட்ட எபிசோடு எங்கேயோ போயிடுச்சு. சேனல்ல கூப்பிட்டுக் கை குடுத்தாங்க.” நடராஜ் ஊறுகாயைத் தொட்டு நக்கிக்கொண்டான். “சாதாரணமா ஒரு ஆர்ட்டிஸ்ட் படத்துக்கு மாலை போடணும்னா பெரிய ரோதனை. பூசணிக்காய் உடைக்கணும், பழம் கட்டணும், அவங்க வீட்டு ஆளுங்க வந்து சாபம் விடுவாங்க. இந்தத் தடவை அந்தத் தொல்லையே இல்ல. ஆளே போயாச்சு. நேரா மாலையைப் போட்டோம், எடுத்தோம்.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பல்லிடுக்கில் கறிவேப்பிலை. விஜயஸ்ரீ அதற்குமேல் அங்கே உட்காரவில்லை. எழுந்து கிணற்றடிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டாள்.

“இவன் இல்லலே” என்றாள் கிருபைராஜிடம். “அவ செத்துட்டான்னு மனசார நம்புதான். நம்பிக்கிட்டே தயிர்சாதம் திங்கான்.”

“அப்போ பழம் கட்டுனது?”

“அதை அந்தப் பழத்துக்கிட்டயே கேப்போம். சமையல்கட்டுக் குப்பையில அழுகின எலுமிச்சம்பழம் ஒண்ணு பாத்து எடுத்துட்டு வா.”

“சாப்பிடவா அக்கா?”

“உனக்கு இல்ல. படத்துக்கு.”

கறுத்துச் சுருங்கிய பழம் ஒன்று கிடைத்தது. நல்ல பழத்தை அவிழ்த்துவிட்டு அதைக் கட்டித் தொங்கவிட்டார்கள். பிறகு இருவரும் கூடத்து மூலையில், வெளிச்சத்துக்கு வைக்கும் வெள்ளைத் தட்டிகளின் மறைவில் உட்கார்ந்தார்கள்.

ஒவ்வொருவராக வந்தார்கள். மேக்கப்காரர் படத்தின் கண்ணாடியில் மீசையைச் சரிசெய்துகொண்டு போனார். மாமியார் வேஷக்காரி படத்தைப் பார்த்துக் கொட்டாவி விட்டாள். யாரும் பின்னால் பார்க்கவில்லை. கடைசியில் ஒரு ஆள் துடைப்பமும் துணியுமாக வந்தான். செட்டுச் சாமான்களுக்குப் பொறுப்பான தொம்மை. புன்னைக்காயல்காரன், ஐம்பது வயது, கட்டுமஸ்தான உடம்பு. படத்தைத் துடைப்பதுபோல விலக்கினான், பின்னால் பார்த்தான். துணி கீழே விழுந்தது. நெற்றியிலும் நெஞ்சிலும் தோளிலும் வேகமாகச் சிலுவை போட்டுக்கொண்டான்.

“மாதாவே” என்றான். யாரிடமும் சொல்லாமல் கொல்லைப்புறமாக இறங்கி பஸ் நிறுத்தத்தைப் பார்த்து ஓடினான்.

*

பஸ்ஸின் பின்னால் விஜயஸ்ரீயின் பழைய ஸ்கூட்டர். அவள் ஓட்ட, கிருபைராஜ் பின்னால் உட்கார்ந்திருந்தான். பாளையங்கோட்டையில் யாராவது பார்த்துவிடப் போகிறார்களே என்று முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டான்.

திருநெல்வேலியில் தொம்மை பஸ் மாறினான். ஏரலில் மறுபடி மாறினான். இருபக்கமும் வாழைத்தோட்டம், நடுநடுவே ஆறு தலைகாட்டி மறைந்தது.

“ஆத்தோட போனவளைத் தேடி நாமளும் ஆத்தோடயே போறோம்” என்றான் கிருபைராஜ். “இதுக்கு மேல போனா கடல்தான் அக்கா. உங்க வண்டி நீந்துமா?”

“நீ இறங்கித் தள்ளுவ.”

தாமிரபரணி கடலில் சேருகிற இடத்தில்தான் புன்னைக்காயல். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தெருவெல்லாம் கருவாட்டு வாடை, வீடெல்லாம் ஒரே பாட்டு. ‘மங்களத்தின் மௌனம்’ தொடங்கும் நேரம். தொம்மை ஒரு ஓட்டு வீட்டின் பின்பக்க முற்றத்துக்குள் நுழைந்தான். இவர்கள் வேலிக்கு இந்தப்பக்கம் நின்றார்கள்.

முற்றத்தில் ஒரு பெண் குத்துக்காலிட்டு உட்கார்ந்து மீன் அரிந்துகொண்டிருந்தாள். காதுவரை வெட்டிய முடி, சாயம் போன நைட்டி, முழங்கைவரை செதில். தொம்மை மூச்சு வாங்க அவள் முன்னால் போய் நின்றான்.

“உனக்கு ஒண்ணும் இல்லல்லா தாயீ? காய்ச்சல் கீய்ச்சல்? பழம் கறுத்துப் போச்சு. காலையிலதான் கட்டினேன், மத்தியானத்துல கறுத்துப் போச்சு.”

“பழத்துக்குத்தான் ஆயுசு முடிஞ்சுது அண்ணாச்சி” என்றான் கிருபைராஜ், வேலியைத் தாண்டிக்கொண்டே. “அது குப்பையில எடுத்தது. உங்க பழம் பத்திரமா என் பையில இருக்கு.”

அந்தப் பெண் எழுந்துவிட்டாள். மீன் கத்தி கையிலேயே இருந்தது. ஊரே பார்த்துப் பார்த்து அழுத முகம்தான். பூச்சு இல்லாததால் நல்ல கறுப்பு, கண்ணுக்குக் கீழே நிழல்.

“கூட்டிட்டுப் போக வந்தியளா?” என்றாள் சித்ரலேகா.

“பாக்க வந்தேன்” என்றாள் விஜயஸ்ரீ. முற்றத்திலேயே ஒரு பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தாள். “உங்க அம்மா தேடச் சொன்னா. அழுதா.”

“நல்லா அழுதாளா?”

அந்தக் கேள்வியில் இருந்த ஏளனம் விஜயஸ்ரீக்குப் புதிதாக இருந்தது. அதற்குள் வீட்டுக்காரி வந்துவிட்டாள். தொம்மையின் அக்கா இஞ்ஞாசியம்மாள், கையில் காப்பித் தம்ளர்கள்.

“இவளை ஊருல யாரும் கண்டுபிடிக்கலையா?” என்றான் கிருபைராஜ்.

“மங்களம் மாதிரி இருக்காளேன்னு ரெண்டு பேரு கேட்டாவ. பொறவு அவியளே, மங்களம் செவப்புல்லா, இவ கறுப்புன்னுட்டுப் போயிட்டாவ.” இஞ்ஞாசியம்மாள் பக்கத்து வீட்டைக் கண்ணால் காட்டினாள். அங்கே யாரோ தொடர் பார்த்து விம்முகிற சத்தம் கேட்டது. “அங்கன அழுதவளுக்குக் காலையில இவதான் மீன் கழுவிக் குடுத்தா. கூறுகெட்ட மூதிக.”

சித்ரலேகா மறுபடி மீனின் முன்னால் உட்கார்ந்தாள். கைக்கு வேலை கொடுத்துக்கொண்டே பேசினாள்.

“ஏரல்ல எட்டாம் வகுப்புப் படிக்கும்போது பள்ளிக்கூடத்தை நிறுத்தி மெட்ராஸ் கூட்டிட்டுப் போனா. ஒரு கம்பெனியில, முகம் நல்லாருக்கு, ஆனா சின்னப் புள்ளையா இருக்கு, பொண்டாட்டி வேஷத்துக்குத் தாங்காதுன்னுட்டாங்க. அன்னைக்கே ஒரு ஆளு வந்து எனக்கு ஊசி போட்டான். சத்து ஊசி, சீக்கிரம் வளருவன்னு அம்மா சொன்னா. உடம்பு ஊதிச்சு. முகம் உப்பிச்சு. கண்ணாடியில பாத்தா வேற எவளோ நின்னா. அவளுக்குத்தான் எல்லாரும் சான்ஸ் குடுத்தாங்க.”

விஜயஸ்ரீ தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

“முதல் நாளு ஷூட்டிங்ல, வீட்டுக்குப் போணும்னு அழுதேன். டைரக்டரு கேமராவை ஓட்டிட்டாரு. ஒரே டேக்குல ஓகே. அன்னையில இருந்து அழுற வேஷமாத்தான் வந்துச்சு. ஒரு தொடருல அழுது முடிச்சதும் அடுத்ததுல அழ ஆரம்பிப்பேன். சும்மா சொல்லக்கூடாது, நடிக்கிறது எனக்குப் பிடிச்சும் இருந்துச்சு. அந்த ஊசியை நெனைச்சாத்தான் எல்லாம் குமட்டும்.”

“வேண்டாம்னு சொல்லிருக்கலாம்லா? உனக்கு வயசு இருபத்தாறு ஆச்சு.”

“சொன்னேன். ‘நீ போனாப் போ, உன் தங்கச்சி இருக்கா’ன்னா. ஆவுடை சின்னப் புள்ள அக்கா. தூத்துக்குடியில ஹாஸ்டல்ல போட்டுப் படிக்க வைக்கேன். அவ படிப்பைக் கலைக்க மாட்டேன், அவளை இந்தச் சோலிக்கு இழுக்க மாட்டேன்னு காந்திமதியம்மன் சந்நிதியில வச்சு அம்மாகிட்ட சத்தியம் வாங்கினேன். வாங்கிட்டுத்தான் செருப்பைக் கழத்தி வச்சேன். தொம்மை அண்ணன் அக்கரையில நின்னாரு. எனக்கு நீச்சல் தெரியும், அம்மாவுக்கு அது தெரியாது.” அரிந்த மீனைச் சட்டியில் போட்டாள். “செத்தாத்தான் விடுவா. அதான் செத்துட்டேன். நீங்க போய் இருக்கேன்னு சொன்னா, நாளைக்கே வந்து நிப்பா.”

விஜயஸ்ரீ நெடுநேரம் யோசிக்கவில்லை. யோசிக்க என்ன இருக்கிறது?

“ஆத்தோட போயிட்டான்னு சொல்லிருதேன்” என்றாள். “நீ மீனைப் பாரு.”

*

மறுநாள் காலை, திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஒரு லாட்ஜ். கதவைத் திறந்த பாலம்மாளின் கண் சிவந்திருந்தது. விஜயஸ்ரீ பொய்யை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்திருந்தாள். ஒரு தாயிடம் சொல்லுகிற பொய். என்ன இருந்தாலும் பெற்றவள், கொஞ்சம் பதமாகத்தான் சொல்ல வேண்டும்.

“அம்மா, மனசைத் தைரியப்படுத்திக்கிடுங்க” என்று ஆரம்பித்தாள்.

பாலம்மாள் முந்தானையை வாயில் வைத்தாள். அப்புறம் எடுத்துவிட்டாள்.

“செத்துட்டாளா? நிச்சயமா?”

“நிச்சயமான்னு ஏன் கேக்கிய?”

“நடராஜ் சாருக்கு நம்பிக்கைதான், சேனல்லதான் உறுதியாக் கேக்காவளாம். பின்னால அவ எந்திரிச்சு வந்து நின்னுட்டா கதையே கெட்டுப் போயிரும்லா? போலீஸ்காரன் ஒண்ணும் சொல்ல மாட்டேங்கான். நீங்க விசாரிச்ச வகையில செத்தாச்சுன்னு ஒரு வார்த்தை அவருகிட்ட சொல்லிட்டியன்னா போதும், நாளைக்கே ஆரம்பிச்சிருவாரு.” உள்பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். “ஏட்டி ஆவுடை! வெளிய வா. இந்த அம்மாவுக்கு வணக்கம் சொல்லு.”

குளியலறைக் கதவைத் திறந்துகொண்டு ஒரு சிறுமி வந்தாள். மங்களம் கட்டுகிற அதே அரக்குச் சேலை, அதே பெரிய பொட்டு, அதே தாழம்பூக் கொண்டை. சேலைக்குள் உடம்பு இல்லை, துணிதான் இருந்தது. இடது கையில் முழங்கைக்கு மேலே பஞ்சு வைத்து ஒட்டியிருந்தது. வணக்கம் சொல்லக் கையைத் தூக்கியவள் வலித்து முகத்தைச் சுளித்தாள்.

“அக்காளைக் கொன்னவங்களைப் பழிவாங்க தங்கச்சி வாரா. அதான் இனிமே கதை” என்றாள் பாலம்மாள். முகம் மலர்ந்துவிட்டது. “அப்படியே அவ அச்சு, பாத்தியளா? கொஞ்சம் பூசினாப்புல வந்துட்டா போதும். வயசை எவன் பாக்கான்?”

“இவ ஹாஸ்டல்ல படிக்கான்னு கேள்விப்பட்டேனே.”

“படிச்சு என்னத்தைக் கிழிக்கப் போறா? கூட்டிட்டு வந்துட்டேன்.”

சத்தியம்? அம்மன் சந்நிதி? கேட்க நினைத்து விஜயஸ்ரீ விட்டுவிட்டாள். ‘இருக்காளா, செத்தாளா, ரெண்டுல ஒண்ணு’ என்று இவள் அழுதது எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. மகளைத் தேடச் சொல்லவில்லை இந்தப் பொம்பளை. அடுத்த மகளை நடிக்க இறக்க வழி விட்டாச்சா என்று கேட்கச் சொல்லியிருக்கிறாள். தான் ஒத்திகை பார்த்த பொய்தான் அதற்குச் சீட்டு. அந்த அறையில் பவுடர் வாடையும் டெட்டால் வாடையும் கலந்து அடித்தன.

“இன்னும் ஒரு இடம் பாக்க வேண்டியிருக்கு. பொறவு சொல்லுதேன்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கீழே வந்ததும் கிருபைராஜ் சாக்கடையில் காறித் துப்பினான்.

“போலீஸுக்குப் போவோமா அக்கா?”

“போய் என்ன சொல்ல? பெத்தவ சத்து ஊசின்னுவா. ஊசியைப் போட்டுக்கிட்டு வளந்தவ வந்து சொன்னாத்தான் எடுபடும். அவ செத்துப்போனவ.”

எதிரே எஸ்.டி.டி. பூத். புன்னைக்காயலில் கோயில் பக்கத்துக் கடைக்குப் போன் போட்டு, இஞ்ஞாசியம்மாள் வீட்டில் இருக்கிற பெண்ணைக் கூட்டிவரச் சொன்னாள். ஆள் வரும்வரை ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு நின்றாள். வந்ததும் பார்த்ததைச் சொன்னாள். கூட்டிக் குறைக்காமல் சொன்னாள்.



“நீ வரணும்னு நான் சொல்ல மாட்டேன்” என்றாள் விஜயஸ்ரீ. “வந்தா உன்னை மறுபடி எல்லாரும் பிச்சுத் தின்னுருவாவ. வேற வழி ஏதும் இருக்கான்னு நான் பாக்கேன்.”

“ஊசி போட்டுட்டாளா?”

“போட்டாச்சு.”

“வாரேன்” என்றாள் சித்ரலேகா.

*

மத்தியானத்துக்குமேல் லாட்ஜின் கதவு தட்டப்பட்டது. பாலம்மாள் திறந்தாள். வெட்டிய முடியும் கருவாட்டு வாடையுமாக வாசலில் நின்றாள் செத்துப்போன மகள். பின்னால் விஜயஸ்ரீ, கிருபைராஜ், தொம்மை.

பாலம்மாள் மகளை மேலும் கீழும் பார்த்தாள். ஒரு கணம் தாய் எட்டிப் பார்த்துவிடுவாளோ என்று விஜயஸ்ரீகூட நினைத்தாள்.

“ஏட்டி கோமு” என்றாள் பாலம்மாள். வீட்டில் கூப்பிடுகிற பெயர். “முடியை என்னட்டி பண்ணித் தொலைச்ச?” தலையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். “சரி, சவுரி வச்சுக்கிடலாம். செத்த மாதிரி நடிச்சாள்னு கதையை மாத்திருவாரு நடராஜ் சாரு. ரெண்டு பேரும் சேந்தே நடிக்கலாம். அக்காளும் தங்கச்சியும்!”

“சீ! நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” என்று கத்திவிட்டாள் விஜயஸ்ரீ. தொழிலில் இத்தனை காலத்தில் கட்சிக்காரரிடம் அவள் குரல் உயர்ந்ததில்லை.

சித்ரலேகா கத்தவில்லை. தாயைத் தாண்டி உள்ளே போனாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த ஆவுடையின் பொட்டை உள்ளங்கையால் அழித்தாள். மேஜையில் இருந்த மருந்துக் குப்பியையும் ஊசியையும் எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள். தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள்.

“எங்கட்டி கூட்டிட்டுப் போற? அவ என் புள்ள!” பாலம்மாள் குறுக்கே விழுந்தாள். தொம்மை நடுவில் வந்து நின்றான். அவனைத் தாண்ட அவளால் முடியவில்லை. “ரெண்டு பேரும் போனா நாளைக்கு ஷூட்டிங்குக்கு யாரு போவா?”

“நீங்க போங்கம்மா” என்றான் கிருபைராஜ். “உங்களை மாதிரி அழுறதுக்கு இந்த ஜில்லாவுலயே ஆளு கிடையாது.”

*

மகளிர் காவல் நிலையத்தில் ஏட்டம்மா முதலில் எழுந்தே நின்றுவிட்டாள். “மங்களம்! நீங்க... ஐயோ, உங்களுக்காக நான் விரதம்லா இருந்தேன்!” ஓடிவந்து கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள். “நேர்ல கறுப்பா இருக்கியளே.” இரண்டு போலீஸ்காரிகள் கூடச் சேர்ந்துகொண்டார்கள். மாமியார் நிஜத்திலும் கொடுமைக்காரியா என்று ஒருத்தி கேட்டாள்.

சித்ரலேகா கைக்குட்டையை மேஜையில் அவிழ்த்து வைத்தாள். ஊசியும் குப்பியும் உருண்டன. பேச்சு நின்றது. அவள் எட்டாம் வகுப்பிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஏட்டம்மாவின் முகம் மெல்ல மெல்ல மாறிற்று. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து பேனாவை எடுத்தாள்.

“இந்தப் புள்ள பேரு?”

“ஆவுடையம்மாள்” என்றாள் சிறுமி.

“வயசு?”

ஆவுடை அக்காவைப் பார்த்தாள். பிறகு விஜயஸ்ரீயைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டாள்.

“எதைச் சொல்லணும்?”

“எதைன்னா?”

“கம்பெனியில கேட்டா பதினெட்டு. ஊசி போடுறவரு கேட்டா பதினாறு. பஸ்ஸுல கேட்டா பத்து.” குரல் தணிந்தது. “போலீஸ்ல கேட்டா எதைச் சொல்லணும்னு அம்மா சொல்லித் தரலை.”

எழுதுகிற கை நின்றுவிட்டது. கிருபைராஜ் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

“உள்ளதைச் சொல்லுட்டி” என்றாள் சித்ரலேகா.

ஆவுடை விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். நடுவில் விட்டுப்போய் மறுபடி முதலிலிருந்து எண்ணினாள்.

“பதிமூணு” என்றாள். “ஆவணி வந்தாத்தான் பதினாலு.”